எட்டாம் தடத்தின் ஒரே பயணி

ஓடைக்கரட்டு மக்களுக்கு ரயில் தேவையில்லை என்று ஓடைக்கரட்டு மக்களின் கால்களே சாட்சி சொல்லிவிட்டனவாம். நகரப் பயண ஆணையத்திலிருந்து அப்படித்தான் கடிதம் வந்தது. பன்னிரண்டு வருஷம் வாயால் கேட்டோம், மனுவால் கேட்டோம், கறுப்புக்கொடி கட்டிக் கேட்டோம். கடைசியில் எங்களை விட்டுவிட்டு எங்கள் கால்களைக் கேட்டு முடிவு செய்துவிட்டார்கள்.

என் பெயர் ரோஸ்லின். கலெக்டர் ஆபீஸ் வாசலில், மரத்தடியில் உட்கார்ந்து முப்பத்தொரு வருஷம் மனு எழுதிக் கொடுத்தவள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசையாக நான் எழுதிக் கொடுத்த மனுவைத் திருப்பி அனுப்பக் காரணம் தேடி எத்தனையோ அதிகாரிகள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்திருக்கிறார்கள். அது ஒரு காலம். இப்போது மனுவே கிடையாது. ஆணையம் 'நாடி' என்று ஒன்றை வைத்திருக்கிறது. கையில் போன் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் எங்கே கிளம்பி எங்கே போகிறார் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கே ஜனம் அதிகமாகப் போகிறதோ அங்கே ரயில் போடச் சொல்லும். மனிதத் தலையீடே இல்லை என்று அதில் அவர்களுக்கு ஒரே பெருமை.

டவுனுக்குள் வாய்க்கால் கரையில் குடியிருந்த எங்களைப் பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி, கரட்டுக் குன்றின் அடியில் எட்டு பிளாக் கட்டிக் குடிவைத்தபோது, இலகு ரயில் வரும் என்று சொல்லித்தான் லாரியில் ஏற்றினார்கள். ரெண்டு பெட்டி, ரோட்டோரமாகவே ஓடும், டவுனுக்கு முப்பத்தைந்து நிமிஷம் என்றார்கள். லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது. ரயில் வரவில்லை. அதற்குள் நகரத்தில் ஏழு தடம் ஓட ஆரம்பித்துவிட்டது. முதல் தடம், வீட்டுக்கு மூன்று கார் நிற்கிற பகுதிக்குப் போனது. அவர்கள் தினமும் நாலு தடவை வெளியே போய் வருகிறார்களாம், நாடி பார்த்துவிட்டதாம். அந்த ரயிலில் இன்றைக்கும் அவர்கள் வீட்டு வேலைக்காரர்கள்தான் போகிறார்கள். எங்களுடையது எட்டாம் தடம். வரைபடத்தில் புள்ளிக்கோடாகவே கிடந்தது.

எட்டாம் தடத்துக்காக நாங்கள் வைத்த குழுவுக்கு நான் செயலாளர். தலைவர் திருமூர்த்தி. இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். ரெண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், காலை ஏழு மணிக்கு டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ்ஸே ஆறே முக்காலுக்குத்தான். எல்லா ஊரையும் சுற்றிப் போய்ச் சேர எட்டரை ஆகும். அதற்குள் அவருடைய முறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். யாராவது வண்டியில் ஏற்றிப் போனால் உண்டு. வாரத்தில் ஒன்று தவறும், சில வாரம் ரெண்டு தவறும். முகம் வீங்கிப்போய்க் கூட்டத்துக்கு வந்து உட்காருவார். ரயில் எங்களுக்கெல்லாம் வசதி. அவருக்கு அது உயிர்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆணையத்துக்குப் போனோம். மதுவந்தி என்று ஒரு பொறியாளர், முப்பது வயதிருக்கும். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அதுவே பெரிசு.

"அம்மா, நாடிக்கு மனு படிக்கத் தெரியாதுங்க. பயணம் மட்டுந்தான் தெரியும். உங்க ஊர்ல ஆயிரத்து எண்ணூறு பேர் இருக்கீங்க. ஒரு நாளைக்கு டவுனுக்கு வர்றது தொண்ணூறு பேர்."

"பஸ் இல்லீங்களே கண்ணு. எப்படி வர்றது?" என்றேன்.

"வரலைன்னா தேவை இல்லைன்னு அது எடுத்துக்கும்."

"ஏனுங்க, தண்ணியே வராத கொழாயில எத்தன கொடம் புடிச்சாங்கன்னு எண்ணிப்போட்டு, இந்த ஊருக்குத் தாகமே எடுக்கறதில்லைன்னு எழுதுவீங்களா?"

திருமூர்த்திதான் சிரித்தார். "அக்கா, அந்தப் பொண்ணு என்னுங்க பண்ணும்? சரிங்க மேடம், எத்தன நாளு, எத்தன பேரு வந்தா அந்தக் கெரகத்துக்குத் தெரியும்?"

"தொண்ணூறு நாள். தினமும் ஒரு நானூறு பேர்."

கரட்டடிக்குத் திரும்பியதும் எட்டு பிளாக்கையும் கூட்டினோம். நானூறு பேர் வேலை வெட்டி இல்லாமல் டவுனுக்குப் போய் வர வேண்டும். யார், என்றைக்கு, எதில்? இதற்கு நாங்கள் யாரிடமும் போய்ப் படிக்க வேண்டியதில்லை. குடிவந்த நாளிலிருந்து தண்ணி லாரிக்கு எங்களிடம் 'முறை' இருக்கிறது. எந்த பிளாக் எந்த நாள், எந்த வீடு எத்தனையாவது குடம், கர்ப்பிணியும் நோயாளியும் முன்னால் என்று எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருப்போம். ஒரு துளி சண்டை வராது. அதே நோட்டை எடுத்து, குடம் என்று இருந்த இடத்தில் ஆள் என்று போட்டேன். நாலு பஸ், பதினோரு ஷேர் ஆட்டோ, பைக்குகள், ஒரு பால் வேன். எந்த வண்டியிலும் இடத்துக்கு மேல் ஒரு ஆள் இல்லை, நிறுத்தத்தில் விடுபட்டவர் ஒரு ஆள் இல்லை.

தொண்ணூறு நாளும் போனோம். ஜவுளிக்கடை வாசலில் குளுகுளு காற்று வாங்கினோம். பூங்கா பெஞ்சுகளைத் தேய்த்தோம். பஸ்ஸிலேயே மூன்று கல்யாணம் பேசி முடித்தார்கள். திருமூர்த்திக்கு நோயாளி முறையில் பால் வேனின் முன் சீட்டு. ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி ஏழுக்கு முன்னால் போய்விடுவார். மூன்று மாதம் ஒரு நாள் தவறவில்லை. வீக்கம் வடிந்து, அந்த மனிதருக்குக் கன்னம் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. அவர் மனைவி சரோஜினி, "அக்கா, நேத்து அவரு ரெண்டாவது மாடி வரைக்கும் நிக்காம ஏறிட்டாருங்க" என்று வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

தொண்ணூற்றோராம் நாள் கடிதம் வந்தது. நான் சத்தமாகப் படித்தேன்.

'ஓடைக்கரடு. பயணத் தேவை: அதிகம். சராசரிக் காத்திருப்பு: மூன்று நிமிடம். இடமின்றி விடுபட்டோர்: இல்லை. தற்போதைய வசதிகளே தேவையை முழுமையாக நிறைவு செய்கின்றன. புதிய தடம் அவசியமில்லை.'

போகாவிட்டால் தேவை இல்லை. போனால் தேவை தீர்ந்துவிட்டது. கூட்டத்தில் ஷேர் ஆட்டோ சம்சுதீன் பாய்தான் எழுந்து, "நாம கொஞ்சம் அடிச்சுக்கிட்டுப் போயிருக்கோணும்" என்றார். உண்மை அதுதான். வேறு எந்த ஊராக இருந்தாலும் முண்டியடித்திருப்பார்கள், பாதிப் பேர் நிறுத்தத்தில் நின்றிருப்பார்கள், நாடி அதைப் பார்த்திருக்கும். நாங்கள் முறை வைத்துப் போய் எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம். அந்த நோட்டை எழுதியது நான். கிழித்துப் போடலாம் போல இருந்தது, ஆனால் மறுநாள் தண்ணி லாரி வரும்.

பயணத்தை நிறுத்தினோம். ஒரு மாதம் கழித்து, டவுனுக்கு வருவோர் திடீரென்று குறைந்துவிட்டதைக் கண்ட நாடி, ஆறே முக்கால் பஸ் மிகை என்று சொல்லி வேறு தடத்துக்கு மாற்றிவிட்டது. முதல் பஸ் எட்டு மணிக்கு என்று ஆனது. பால் வேன்காரரும் வேறு ஊருக்கு மாறிப் போனார்.

இந்தத் தடவை நான் மட்டும் ஆணையத்துக்குப் போனேன். போன வேகத்துக்கு மதுவந்தியைத் திட்டித் தீர்த்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. எங்கள் கோப்பு அவள் மேசைமேல் திறந்தே கிடந்தது.

"நாடி என்னதான் பார்க்கும்னு ஒரேயடியா சொல்லிருங்க கண்ணு. தலைகீழா நின்னு தண்ணி குடிக்கோணும்னாலும் குடிக்கறோம்."

அவள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "தடைப்பட்ட பயணம்னு ஒண்ணு இருக்குதுங்கம்மா. கிளம்பி, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராம பாதி வழியில திரும்புறது. அதுதான் தேவை இருந்தும் வசதி இல்லைங்கறதுக்கு அத்தாட்சி. ஒண்ணுக்கு ஒரு புள்ளி. ஆறாயிரம் புள்ளி சேர்ந்தா தடம் தானா அனுமதி ஆயிரும். யாரும் கையெழுத்துகூடப் போட வேண்டியதில்ல."

"ஆறாயிரமா!"

"சாதாரணப் பயணத்துக்குத்தான் ஒரு புள்ளி. ஆஸ்பத்திரிப் பயணம் தடைப்பட்டா ஒண்ணுக்கு நானூறு."

இந்த ஒரு வரியை நான் முழுங்கியிருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பார்வை எண்ணைக்கூட மறைத்ததில்லை என்ற கொழுப்பு எனக்கு. அன்று சாயங்காலக் கூட்டத்தில் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். திருமூர்த்தி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் பாதி வழிக்குப் போய்த் திரும்புவது என்று முடிவானது. ஆலாங்காட்டுப் பிரிவு, எங்களிடமிருந்து ஒன்பதாவது கிலோமீட்டர். நாலு ரோடு, ஒரு பொட்டல், வேறு ஒன்றும் இல்லை. முன்னூறு பேர் போய் இறங்கி நின்றோம். ஒரு மணி நேரத்தில் எல்லோர் போனிலும் நாடியிலிருந்து செய்தி வந்தது: 'உங்கள் பகுதியில் திருவிழா நடைபெறுவதாகத் தெரிகிறது. நல்வாழ்த்துகள்!' கூட்டமாக நின்றால் அது திருவிழாவாம், கணக்கில் வராதாம். அந்த வெயிலில் எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைக் கல்லில் அடித்து உடைத்திருப்பேன். சம்சுதீன் பாய் பிடுங்கிக்கொண்டார். மூன்று நாளில் ஊரே சலித்துப்போய் விட்டுவிட்டது.

ஒருவர் மட்டும் விடவில்லை. அது எனக்கு ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

சரோஜினிதான் வந்து சொன்னாள். டயாலிசிஸ் முடிந்து வந்தால் அவர் இடது கையில் பஞ்சு வைத்து ஒட்டியிருக்கும். அந்த ஒட்டுகிற பிளாஸ்திரிச் சுருள் ஒன்று அவருடைய சட்டைப் பையிலேயே இருந்ததாம். "பத்து மணி மொறைக்கு மாத்திட்டாங்கன்னு சொல்லித்தான் எட்டு மணி பஸ்ஸுல போறாருங்க. இத அவரே ஒட்டிக்கிட்டு வர்றாருங்கக்கா. முகத்தப் பாருங்க, பானையாட்டம் இருக்குது. என்னன்னு கேட்டா எரிஞ்சு விழுகறாரு."

அடுத்த வியாழக்கிழமை நான் ஷேர் ஆட்டோவில் முன்னாலேயே ஆலாங்காட்டுப் பிரிவுக்குப் போய் நின்றேன். பஸ் வந்தது. திருமூர்த்தி ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் அசடு வழியச் சிரித்தார்.

"கெரகத்த. அந்தப் பொம்பள சொல்லிட்டாளாட்ட இருக்குது."

"ஏனுங்க தலைவரே, சாகறதுக்கா கெளம்பியிருக்கீங்க?"

"சனிக்கெழமை தப்பாம போய்ப் பண்ணிக்கறனுங்கக்கா, பாய் கூட்டிட்டுப் போறாரு. செவ்வாயும் வியாழனும்தான் இங்க எறங்கறேன்." அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "இருபத்தாறு வருஷம் ஓட்டுனேன். ஏறுன ஆள ஒரு நாளும் பாதி வழியில எறக்கி உட்டதில்லீங்க. இப்ப என்னைய நானே எறக்கி உட்டுக்கறேன்."

"போதுமுங்க. ஊட்டுக்குப் போலாம் வாங்க. ரயிலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

"பன்னெண்டு ஆயிப்போச்சு அக்கா. இன்னைக்கு ஒண்ணு. இன்னும் ரெண்டே ரெண்டு. எனக்கு அப்புறம் நம்ம ஊருல சீக்காளியே வர மாட்டானா? அவன் எதுல போவான்?"

ரெண்டே ரெண்டு. நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். பதினைந்து நானூறு ஆறாயிரம். சரியாக இருந்தது. அந்த நிமிஷம் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்க வேண்டியவள், கணக்குச் சரியாக இருக்கிறது என்று பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரும்பி வருகிற பஸ்ஸுக்கு ரெண்டு பேருமாகக் காத்திருந்தோம். இதற்காக என்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

அடுத்த செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் அவர் போய்த் திரும்பினார். வெள்ளிக்கிழமையே ஆணை வந்துவிட்டது. எட்டாம் தடம் அனுமதிக்கப்பட்டது. ஊரே பட்டாசு வெடித்தது. அளவெடுக்கிற ஆட்கள் சனிக்கிழமையே வந்து, முதல் பிளாக் எதிரில் கூடாரம் போட்டார்கள். மனிதத் தலையீடு இல்லாவிட்டால் வேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது! திருமூர்த்தி அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர்கள் சங்கிலி பிடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள்தானே, செவ்வாய் போய்க்கொள்ளலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி டம்ளரைக் கையில் வாங்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

நான் போனபோது சரோஜினி அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். வாய்விட்டு அழப் போனாள். நான் கதவைச் சாத்தினேன். ஆணையை எல்லோரும் முதல் வரி வரைக்கும்தான் படித்தார்கள். மனு எழுதுகிறவள் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பாள். 'அடிப்படை: ஒரு பயணியின் தடைப்பட்ட மருத்துவப் பயணங்கள். தடம் கட்டி முடியும்வரை அப்பயணியின் தேவை தொடர வேண்டும்.' கட்டி முடிக்க மூன்று வருஷம்.

அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். அவள் அவர் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"அப்ப இவரு செத்தது தெரிஞ்சா, ரயில நிறுத்திப் போடுவாங்களா?"

"ஆமாம் சரோஜினி."

"கூடாரத்துக்காரங்க காதுல உழுகக் கூடாதுங்களா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

பறை இல்லை, சங்கு இல்லை, ஒப்பாரி இல்லை. பின்பக்கப் படி வழியாகத் தூக்கிப்போய் ஓடைக்கு அந்தப் பக்கம் அடக்கம் செய்தோம். இறப்பைப் பதியவில்லை. கருமாதி வைக்கவில்லை. அவள் பொட்டோடும் பூவோடும் தெருவில் நடந்தாள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் காறித் துப்பாத குறையாகப் பேசிவிட்டுப் போனார்கள். ஆயிரத்து எண்ணூறு பேரில் ஒருவர் வாய் திறக்கவில்லை. முறை என்றால் எங்களுக்கு முறைதான். செவ்வாய்க்கிழமை எட்டு மணி பஸ்ஸில் சரோஜினி ஏறினாள். மடியில் அவருடைய போன். ஆலாங்காட்டுப் பிரிவில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தாள். வியாழனும் போனாள். சனியும் போனாள்.

ரெண்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு வியாழக்கிழமை மதுவந்தி வந்து இறங்கினாள். பயணியை நேரில் சரிபார்க்க வேண்டுமாம். திருமூர்த்தி வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

"அவர் எங்கீங்கம்மா?"

"டவுனுக்குக் கெளம்பிப் போயிருக்காருங்க."

கையிலிருந்த திரையைப் பார்த்தாள். "ஆலாங்காட்டுப் பிரிவுல நிக்கறார்."

"ஆமாங்க."

கூடாரத்துப் பக்கம் தண்டவாளக் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்தாள், பூட்டியிருந்த கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ரெண்டு மாசமா அவர் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரி போய்ச் சேரலை. அப்படி ஒருத்தர் இத்தனை நாள் இருக்க முடியாதுன்னு நாடிக்குத் தெரியாது." அவள் குரலைத் தணித்தாள். "எங்க அப்பாவுக்கும் இதே வியாதிதான். எனக்குத் தெரியும்."

அவள் திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டாள். 'நேரில் காணப்பட்டார்' என்று பச்சையாக மாறியது.

"எனக்கு அடுத்து வர்றவங்க கேள்வி கேப்பாங்க. வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் போய்ச் சேரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை நானும் சரோஜினியும் கிளம்பினோம். ஆலாங்காட்டுப் பிரிவு வந்தபோது அவள் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே நீளமான பெஞ்சு. நாலு மணி நேரம் அங்கே இருந்தால்தான் கணக்கில் வரும். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மடியிலிருந்த போன் ஒலித்தது. சரோஜினிக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. என்னிடம் நீட்டினாள். நான் படித்தேன்.

'திருமூர்த்தி அவர்களே, உங்கள் பயணம் தடையின்றி நிறைவடைந்தது. நன்றி.'

அவள் போனை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, ரெண்டு மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, ஓவென்று வாய்விட்டு அழுதாள். யாரும் என்ன என்று கேட்கவில்லை. அது ஆஸ்பத்திரி. எதிர் பெஞ்சில் இருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்து எங்களுக்கு இடம் விட்டாள்.